ஐம்பதும் குனிய வேண்டும்



“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று சொல்லிக்கொண்டு பிரம்பை எடுக்காத வீடு நம் பங்கில் எத்தனை? பழமொழியில் குற்றமில்லை. ஐந்து வளைய வேண்டியது மெய்தான். ஆனால் ஐந்தை வளைக்க விரும்புகிற ஐம்பது, முதலில் தான் குனிய வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வாரம் அதையே சற்று ஆராய்வோம்.

என் குற்றத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் இருந்தபோது, ஞானோபதேச வகுப்புக்கு ஒரு சிறுவன் வாரந்தோறும் பிந்தியே வருவான். ஒன்பது வயதிருக்கும். ஒரு ஞாயிறன்று எனக்குக் கோபம் மூண்டது. எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, பாடம் முடியுமட்டும் அவனை வாசற்படியில் நிறுத்தி வைத்தேன். “வாயைத் திறக்க மாட்டாயோ?” என்று அதட்டினேன். அவன் தலை நிமிரவில்லை.

மறு ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டைத் தேடிப் போனேன். தகப்பனுக்கு வெளியூரில் வேலை. தாய் விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்விடுவாள். தங்கையை எழுப்பிக் குளிப்பாட்டி, பாட்டி வீட்டில் விட்டு வருவது அவன் பொறுப்பு. “இதை அன்றைக்கே ஏனப்பா சொல்லவில்லை?” என்றேன். “சாமி, ஏன் லேட்டுன்னு நீங்க கேக்கவே இல்லையே, சத்தந்தானே போட்டீங்க” என்றான்.

குருமடத்தில் ஆண்டுக்கணக்காகத் தத்துவமும் வேதசாஸ்திரமும் படித்தவனுக்கு அந்தத் திண்ணையிலே கிடைத்த பாடம் அது. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு தங்கையையும் கைபிடித்துக் கூட்டி வந்துவிட்டான்.

கேளாமலே போதிக்கப் புறப்பட்டது என் பிழை. போதிக்கிறவன் எப்படிக் குனிய வேண்டும் என்பதற்கு நமக்குத் தெற்கே கடற்கரையிலேயே உத்தம மாதிரி உண்டு. அர்ச். சவேரியார் 1542-ம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. பாரீஸ் சர்வகலாசாலையில் படித்துத் தேறியவர் அவர். ‘என் பாஷையை இவர்கள் கற்கட்டும்’ என்று காத்திருந்தாரோ? இல்லை. இரு பாஷையும் அறிந்தவர்களைக் கூட்டி, வெகு பிரயாசையோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றைத் தாமே மனப்பாடம் பண்ணினார். பிறகு கையில் மணியை எடுத்துத் தெருத்தெருவாய் அடித்துப் பிள்ளைகளையும் ஆண்களையும் கூட்டினார். அதோடு நின்றாரோ? அதுவும் இல்லை. கற்றதை வீட்டில் தாய்தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் கற்றுக்கொடுக்கும்படி அந்தச் சிறுவர்களையே ஏவினார். தாம் போகமுடியாத நோயாளிகளின் வீடுகளுக்குச் செபிக்க அவர்களையே அனுப்பினார். 1544-ம் ஆண்டு எழுதிய கடிதத்தில் அவரே இவற்றை விவரித்திருக்கிறார். பிள்ளையின் பாஷைக்கு இறங்கினார். பிள்ளையை நம்பிப் பொறுப்பும் கொடுத்தார். நம் மதுரைக்கே 1606-ம் ஆண்டு வந்த தத்துவ போதகர் தெ நோபிலி சுவாமியும், இந்நாட்டாரோடு பேசத் தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் ஆகிய மூன்றையும் வருந்திக் கற்றவரே.

பிள்ளைப் பருவமும் ஒரு தேசம். நாமெல்லாரும் அங்கே பிறந்தவர்கள்தாம். ஆனால் அதன் பாஷையை மறந்துவிட்டோம். மீண்டும் படிக்க வேண்டும்.

எப்படிப் படிப்பது? வயதுக்கு ஏற்றபடி.

முதலாவது, ஏழு வயதுக்கு உட்பட்டவர்கள். நின்றபடி மேலிருந்து பேசாதீர்கள். குந்தி உட்கார்ந்து, கண்ணுக்கு நேர் கண்ணாகப் பேசுங்கள். “செருப்பை எடு, தண்ணீர் குடி, பையை மாட்டு” என்று மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்கினால் பிள்ளை திகைத்து நிற்கும். அதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணி அடிக்கிறோம். ஒரு வேளைக்கு ஒரு காரியம் சொல்லி, அது முடியக் காத்திருங்கள்.

இரண்டாவது, ஏழு முதல் பன்னிரண்டு வரை. பள்ளி விட்டு வந்தவுடன் “எத்தனை மார்க்கு?” என்று கேட்கிற நாம், “இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?” என்று கேட்கிறோமா? அவர்கள் பதில் சொல்லும்போது கையிலுள்ள செல்போனைக் கீழே வைக்கிறோமா? கண்டிக்க வேண்டியதைத் தனியே கண்டியுங்கள். விருந்தாளி முன் பிள்ளையின் குறையைச் சொல்லிச் சிரிப்பது பிரம்பிலும் கொடிது.

மூன்றாவது, அதற்கு மேற்பட்டவர்கள். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். எதிரில் உட்காரவைத்து விசாரித்தால் இந்த வயதினர் வாயடைத்துப் போவார்கள். கடைக்குப் போகும்போது கூட அழைத்துப் போங்கள். சைக்கிளைத் துடைக்கும்போது உடனிருங்கள். கை வேலையாயிருக்கையில் வாய் தானே திறக்கும்.

“சுவாமி, இப்படிக் குனிந்தால் பிள்ளை தலைமேல் ஏறிக்கொள்ளாதோ?” என்று கேட்பீர்கள். குனிவது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. சவேரியார் பத்துக் கற்பனைகளில் ஒன்றையும் குறைத்துப் போதிக்கவில்லை; தம் நாவைத்தான் மாற்றிக்கொண்டார். பொய் பொய்தான், திருட்டு திருட்டுத்தான். அதைப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லுவதே நம் கடமை. பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விலக்கியிருக்கிறது. பள்ளிக்கு விலக்கானது வீட்டுக்கு நல்லதாகுமோ?

இன்னொன்று. “சாமி கண்ணைக் குத்தும்” என்று பயமுறுத்தாதீர்கள். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுங்கள் என்று சொல்லி, அவர்களை அணைத்து ஆசீர்வதித்த ஆண்டவரைப் பூச்சாண்டியாக்குவது என்ன நியாயம்?

இதெல்லாம் சிறு காரியம் என்று எண்ணாதீர்கள். உடைந்த தம்ளரைப் பற்றிச் சொல்லவே நடுங்குகிற பிள்ளை, நாளை யாராவது தகாத முறையில் தொட்டால் நம்மிடம் வந்து சொல்லுமோ? தீயவர்கள் தேடுவது வாய் திறவாத பிள்ளைகளையே. ஆபத்துக் காலத்தில் 1098 என்ற எண்ணுக்குப் பிள்ளைகளும் பேசலாம், நாமும் பேசலாம். அதை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஆயினும், பிள்ளை முதலில் ஓடிவருவது நம் மடிக்காயிருக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதில் சேசு பாலன் ஜெருசலேமில் தங்கிவிட்டபோது, தேவமாதாவும் சூசையப்பரும் மூன்று நாள் தேடியலைந்தார்கள். கண்டதும் தாய் செய்தது என்ன? ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள்; தாங்கள் பட்ட வியாகுலத்தைச் சொன்னாள். கிடைத்த பதில் விளங்கவில்லை. ஆயினும் அதைத் தள்ளிவிடாமல் தன் இருதயத்தில் வைத்துக் காத்தாள். கேட்பது, நம் வருத்தத்தை உள்ளபடி சொல்லுவது, பதிலை மனத்தில் வைப்பது: பெற்றோருக்கு இந்த மூன்றும் போதும்.

இவ்வார ஆத்தும சோதனை: நேற்று என் பிள்ளையிடம் எத்தனை கட்டளையிட்டேன்? எத்தனை கேள்வி கேட்டேன்? எத்தனை பதிலை முழுவதும் கேட்டு முடித்தேன்?

இவ்வாரப் பிரதிக்கினை: இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் கால்மணி நேரம் பிள்ளை பேசட்டும், நாம் புத்தி ஒன்றும் சொல்லாமல் கேட்போம். அநியாயமாய்க் கோபித்திருந்தால், “தப்பு என்னுடையது” என்று சொல்லுவோம். அதனால் தகப்பனின் மதிப்புக் குறையாது. திண்ணையில் மன்னிப்புக் கேட்ட நாள்முதல் அந்தச் சிறுவன் என்னைக் கண்டால் ஒளிவதில்லை. தெருக்கோடியிலிருந்தே ஓடி வருவான்.