தடயம் சொல்வதும் சொல்லாததும்

நுழையும்முன்

தடயமே இல்லாமல் ஒரு குற்றத்தைச் செய்துவிட இயலுமா? எல்லாக் குற்றங்களையும் அறிவியல் வெளிக்கொணர்ந்துவிடுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகிறது இப்பாடம்.

மறைத்தும் மறையாதது

1952ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதி. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற தொடர்வண்டியில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டியை மானாமதுரையில் திறந்தனர். உள்ளே தலையற்ற உடல் இருந்தது. பின்னர், சென்னை இராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. இறந்தவர் முன்பு படைத்துறையில் பணியாற்றியவர். அங்குப் பதிவாகியிருந்த விரல்ரேகை, அவர் ஆளவந்தார் என்னும் வணிகர் என்பதை உறுதிசெய்தது. தலையை அகற்றியவர்களால் அடையாளத்தை அகற்ற இயலவில்லை.

எனினும், இறந்தவர் யார் என்பதை மட்டுமே விரல்ரேகை கூறியது. கொன்றவர் யார், ஏன் கொன்றார் என்பவற்றைச் சாட்சிகளும் விசாரணையுமே வெளிப்படுத்தின.

குளிரும் காலக்கணக்கும்

உயிருள்ள உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. இறந்தபின் அது படிப்படியாகக் குறையும். அதைக்கொண்டு இறந்த நேரத்தைக் கணிப்பர். ஆனால், குளிரும் வேகம் எங்கும் ஒன்றன்று. சென்னையின் கோடை நண்பகலில் சூழல்வெப்பமே உடல்வெப்பத்தை நெருங்கும். அங்கு உடல் மிக மெதுவாகவே குளிரும். கீழ் கோத்தகிரியின் தேயிலைச் சரிவில், பனிக்கால இரவில் அது விரைந்து குளிரும். ஈர உடையும் மலைக்காற்றும் அவ்வேகத்தை மேலும் கூட்டும். ஆகவே, மருத்துவர் கூறுவது ஒரு கால எல்லையையே. கடிகார மணியை அன்று. இவ்வேறுபாட்டை மறந்தால், அவ்வழியே சென்ற குற்றமற்றவர்மீதும் பழி விழக்கூடும்.

மரபணுச் சோதனையும் இத்தகையதே. குருதி இன்னாருடையது எனக் காட்டும். அது எப்போது, எச்சூழலில் அங்கு வந்தது என்பதைத் தானே கூறாது.

யாருடைய குறை?

துப்புத் துலங்காத குற்றங்கள் யாவும் குற்றவாளியின் திறமைக்குச் சான்றாகா. மழை கழுவிய குருதியும், கூடிய கூட்டம் மிதித்தழித்த காலடியும், காலந்தாழ்த்திச் சேகரித்த பொருளும் உண்மையை மறைத்துவிடுகின்றன. நிகழ்விடத்திற்குள் நுழையாமல் விலகி நிற்கும் பொதுமக்களும் நீதிக்குத் துணைபுரிகின்றனர். தடயத்தைக் காப்பது அறிவியலின் தொடக்கம்; அது சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளாமையே நீதியின் அறம்.

கற்பவை கற்றபின்

“ஐயத்தின் பயன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே” என்னும் சட்டக் கொள்கையின் தேவை குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.