அப்பாவின் கையெழுத்து நின்றுபோனால்

எச்.ஏ.எல்.லில் ஓய்வுபெற்ற அப்பாவுக்கு மறதிநோய். பென்ஷன் கணக்கு, ஜீவன்பீமா நகர் வீடு, டெபாசிட் எல்லாம் அவர் பெயரில். மகன் லண்டனில், மகள் மாரத்தஹள்ளியில். அப்பாவுக்கு ஆள் வைக்கக்கூட அவர் பணத்தை எடுக்க முடியவில்லை. பெங்களூரில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய.

1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது; சொத்தைக் கவனிக்க மாவட்ட நீதிமன்றம் மேனேஜரை நியமிக்கலாம். அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் சிகிச்சை உரிமைகளை விரிவாகப் பேசியது, சொத்து அத்தியாயத்தைக் கைவிட்டது. அதனால் இன்று வழி ஒன்றல்ல, பல. எது யாருக்கு என்று தெரியாமல் அலைவதில்தான் பாதிக் காலம் போகிறது.

செய்ய வேண்டியவை

நினைவு தடுமாறத் தொடங்கியதுமே பேசி முடியுங்கள். தெளிவு வந்து போகிறவர், தெளிவான நேரத்தில் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். உயிலுக்கும் அதே விதி. கையெழுத்துப் போடும் அன்றைய தேதியில் மருத்துவரின் சான்று வாங்கி வையுங்கள். பின்னால் வழக்கு வந்தால் பேசப்போவது அந்தத் தாள்தான்.

சரியான கதவைத் தட்டுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் (இங்கே டெபுடி கமிஷனர்) தலைமையிலான உள்ளூர்க் குழுவே காப்பாளரை நியமிக்கும், கோர்ட் தேவையில்லை. பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமையும் முடிந்துவிடும் என்பது பல பெற்றோருக்கு வங்கி மேனேஜர் சொல்லித்தான் தெரிகிறது.

மறதிநோயும் தீவிர மனநோயும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். பெங்களூரு நகரத்துக்குள் அந்த இடத்தில் இருப்பது சிட்டி சிவில் நீதிமன்றம். கோமாவில் கிடப்பவருக்கு நேரடிச் சட்டமே கிடையாது. அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றங்கள்தான் வழி செய்து தருகின்றன. இதற்கான நடைமுறையை 2019இல் கேரள உயர் நீதிமன்றம் வகுத்தது: மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், வருவாய்த் துறை அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும், காப்பாளர் 6 மாதத்துக்கு ஒருமுறை கணக்கு கொடுக்க வேண்டும்.

தேவையானதை மட்டும் கேளுங்கள். 14ஆம் பிரிவு பேசுவது வரையறுக்கப்பட்ட காப்பாளர் பொறுப்பை. அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, அவருடைய விருப்பத்தை அறிந்து இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. பென்ஷன் கணக்கிலிருந்து நர்ஸ் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால் அதை எழுதுங்கள். மனுவில் மொத்தச் சொத்தையும் அள்ளிப் போட்டால் நீதிபதிக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே?

கணக்கு எழுதுங்கள். உள்ளூர்க் குழு நியமித்தவர் 6 மாதத்துக்குள் சொத்து, கடன், வரவேண்டியது எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். அதன்பின் நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் ஒவ்வொரு வருடமும் வரவு செலவு. கோர்ட் நியமித்தவரும் இதே ஒழுங்கில் எழுதினால், அண்ணன் தம்பி வாய் திறக்கும்போது நோட்டை நீட்டலாம்.

செய்யக்கூடாதவை

பவர் பத்திரத்தை நம்பி உட்காராதீர்கள். எழுதிக் கொடுத்தவரின் சித்தம் கலங்கிவிட்டால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி அந்தப் பவர் முடிந்துவிடும். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனத்திறன் போன பிறகும் நிற்கும் பவரை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். லண்டன் மகன் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். வீட்டை விற்க வரும்போதுதான் தெரியும்.

ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் கைமாற்றாதீர்கள். 2013இல் பெங்களூரில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் கணவரிடம் கார்டைக் கொடுத்தனுப்பினார். பணம் வரவில்லை, கணக்கில் 25,000 ரூபாய் கழிந்தது. 2018இல் நுகர்வோர் மன்றம் அவர் புகாரைத் தள்ளியது. கார்டு பிறருக்கு மாற்றத்தக்கதல்ல, செல்ஃப் செக்கோ அதிகாரக் கடிதமோ கொடுத்திருக்க வேண்டும் என்றது. தெளிந்த மனதுள்ள மனைவிக்கே இந்தக் கதி.

உடல் முடியாததையும் மனம் முடியாததையும் குழப்பாதீர்கள். படுக்கையில் இருப்பவர் கைநாட்டோ கால்விரல் நாட்டோ வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த 2 சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். ஆனால் இது என்ன செய்கிறோம் என்று தெரிந்தவருக்கான சலுகை. நினைவில்லாதவரின் விரலைப் பிடித்து அழுத்துவது வேறு விஷயம். அது மோசடி வழக்கில் போய் முடியலாம்.

நாமினி என்று சொல்லி வங்கியில் சண்டை போடாதீர்கள். நாமினிக்கு வேலை வருவது கணக்குக்காரர் இறந்த பிறகுதான். அதேபோல், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பிரதிநிதி சிகிச்சைக்கு மட்டுமே.

உங்களுக்கு லாபம் வரும் பரிவர்த்தனையில் நீங்களே துணையாக நிற்காதீர்கள். அப்பாவின் வீட்டை நீங்களே வாங்குவது, உங்கள் கடனுக்கு அதை அடமானம் வைப்பது எல்லாம் இதில் அடங்கும். நலன்கள் மோதினால் துணை நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

விற்ற பணத்தைச் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். 2024இல் கணவர் கோமாவில் இருந்த ஒரு மனைவிக்கு 1 கோடிக்கு மேல் மதிப்புள்ள சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: 50 லட்சம் கணவர் பெயரிலேயே நிரந்தர வைப்பில் இருக்க வேண்டும், மனைவி 3 மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.