விதியா, நம் விரலா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீது ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்தோம். உன் வீட்டில் ஏன் தண்ணீர் வந்தது என்று மறுமையில் நம்மிடம் கேட்கப்படாது. பக்கத்து வீட்டுக்காரர் தவித்தபோது நீ என்ன செய்தாய் என்ற கேள்வி உண்டு. அன்று சென்னையின் பல பள்ளிவாசல்கள் மதம் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டன. வெள்ளம் விதி, கதவைத் திறந்தது மனிதர்கள் எடுத்த முடிவு.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு விஷயத்துக்கு வருவோம்.

நள்ளிரவு 12 முதல் 5 வரை

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் விதி வந்தது. கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசு இத்தகைய விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் இயற்றியது.

அந்த நேரத்தைக் கவனியுங்கள். அது தஹஜ்ஜுத்துடைய நேரம். கேட்பவருக்குக் கொடுக்க ரப்பு காத்திருக்கும் நேரத்தில், கடன் வாங்கியாவது இன்னும் ஓர் ஆட்டம் ஆட ஒரு கை போனைத் தேடியது.

"என்னை இழுத்துவிட்டார்கள்"

ஆட்டத்தை நடத்துபவருக்குத்தான் மத்திய சட்டத்தில் தண்டனை, ஆடியவருக்கு இல்லை. உலகச் சட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். போனஸ் தந்து, நோட்டிபிகேஷன் அனுப்பி, விட்டதைப் பிடிக்கலாம் என்று ஆசை காட்டி இழுத்தவர்கள் பெரும் குற்றவாளிகள்தாம். பிறரை வழிகெடுப்பவர் அவர்களுடைய பாவச் சுமையிலும் பங்கு சுமப்பார் என்கிறது அல்குர்ஆன் (16:25).

ஆனால் மறுமையில் ஷைத்தான் பேசப்போவதையும் அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான் (14:22). உங்கள் மீது எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, நான் அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காதீர்கள் என்று அவன் கைகழுவிவிடுவான். அழைப்பு வேறு, கட்டாயம் வேறு. உயிருக்கு அஞ்சி, கட்டாயத்தால் நாவால் மறுத்தவரை அல்லாஹ் மன்னிக்கிறான் (16:106). நோட்டிபிகேஷன் நம் கழுத்தில் கத்தி வைக்கவில்லையே!

"எல்லாம் தக்தீர்தானே?"

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குச் செல்கிறோம் என்பதே உமர் (ரலி) தந்த பதிலின் கருத்து. பசுமையான பக்கத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும் விதிதான், வறண்ட பக்கத்தில் மேய்த்தாலும் விதிதான் என்றார்கள். விதியை நம்பியவர்கள், கயிற்றைப் பிடித்து ஒட்டகத்தைத் திருப்பவும் செய்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

இதில் சிக்கியவர் இன்றே அந்த ஆப்பை நீக்கட்டும். கடன் எவ்வளவு என்பதை வீட்டில் ஒருவரிடமாவது மறைக்காமல் சொல்லட்டும். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். கை தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று உணர்பவர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கட்டும். மருத்துவம் தேடுவது ஈமானின் குறைவு அல்ல; அதுவும் விதியிலிருந்து விதிக்குச் செல்வதே.

பெற்றோர்களே, மாட்டிக்கொண்ட பிள்ளையை அவமானப்படுத்தாதீர்கள். அவன் தவ்பாவுக்குத் திரும்பிவரக் கதவைத் திறந்து வையுங்கள், 2015இல் திறந்தது போல.

நம் கைகளை ஹராமிலிருந்து காத்து, இரவின் கடைசி நேரத்தில் தன்னிடம் ஏந்தும் கைகளாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.