கூட்டத்திற்கு வந்த புதிய எழுத்தர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

கூடிப் பேசுவது மனிதனின் பழக்கம். பேசியதை மறப்பதும் அவன் பழக்கமே. ஆகவேதான் எந்தச் சங்கமானாலும், எந்த மன்றமானாலும், தலைவருக்கு அடுத்தபடியாகச் செயலாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் கையில் ஒரு தீர்மானப் புத்தகத்தையும் கொடுத்துவிடுகிறோம். நம் கல்லூரி மன்றங்களிலும் இதுவே வழக்கம்.

2020ஆம் ஆண்டில் வந்த பெருந்தொற்று நம் கூட்டங்களைக் காணொலிக்கு மாற்றியது. தொற்று அடங்கிய பின்னும் அப்பழக்கம் நின்றுவிட்டது. கடலூரில் ஒருவர், சிதம்பரத்தில் ஒருவர், துபாயில் ஒருவர் என்று ஆளுக்கோர் இடத்தில் இருந்துகொண்டு ஒரே கூட்டத்தில் பேசுகிறோம். அக்கூட்டங்களுக்கு இப்போது புதிய எழுத்தர் ஒருவர் வந்திருக்கிறார். அவருக்கு நாற்காலி வேண்டா; தேநீர் வேண்டா; கை வலிக்கிறது என்று அவர் சொல்வதும் இல்லை. கூட்டம் முடிந்த சில நிமிடங்களில், யார் என்ன பேசினார், என்ன முடிவாயிற்று, யார் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதி நீட்டிவிடுகிறார். அவரே செயற்கை நுண்ணறிவு உதவியாளர். ஜூம் நிறுவனம் 2023 செப்டம்பரிலும், மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் டீம்ஸ் செயலியில் அதே ஆண்டு நவம்பரிலும், கூகுள் நிறுவனம் தன் மீட் செயலியில் 2024இலும் இத்தகைய வசதியைப் பரவலாகக் கொண்டுவந்தன.

இவ்வெழுத்தரை நம்பலாமா? நம்பலாமெனில் எவ்வளவு நம்பலாம்? எழுதியதில் பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இம்மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தர் செய்யும் இரு வேலைகள்

இக்கருவி செய்வது ஒரு வேலை போலத் தோன்றினும் உண்மையில் இரண்டு வேலைகளாகும். முதலாவது, கேட்பது. நம் குரலை நொடியில் நூற்றில் சில பங்கு அளவான சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் ஒலியமைப்பையும் தான் முன்பு பயின்ற ஏராளமான பேச்சுகளோடு ஒப்பிட்டு, இச்சொல்லாக இருக்கக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. யார் குரல் என்பதையும் பிரித்தறிய முயல்கிறது. இரண்டாவது, சுருக்குவது. எழுதிய நெடும் பேச்சை மற்றொரு மொழிக் கணிமுறையிடம் கொடுத்து, முடிவுகளை மட்டும் வடித்தெடுக்கிறது.

இரண்டிலும் நடப்பது கணிப்பே என்பதை நாம் மறக்கலாகாது. கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறும்போது, தவறியது என்ற தயக்கம் அதன் எழுத்தில் தெரியாது. ஐயமுள்ள சொல்லையும் ஐயமற்ற சொல்லையும் ஒரே அழகான எழுத்தில் அது எழுதிவிடும். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்னும் எழுத்தாக்கக் கருவியைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அவர்கள் சோதித்த ஒலித் துண்டுகளில் ஏறத்தாழ 1 விழுக்காட்டில், யாருமே பேசாத சொற்களை அக்கருவி தானாகவே புனைந்து எழுதியிருந்தது. நூற்றுக்கு ஒன்றுதானே என்று தோன்றலாம். அந்த ஒன்று யாருடைய பேச்சாக அமைகிறது என்பதே கேள்வி.

எங்கள் ஊரில் நடந்தது

எங்கள் ஊர் கடலூர்–சிதம்பரம் சாலையிலிருந்து கிழக்கே பிரியும் ஒரு சிற்றூர். ஊரில் படித்து வெளியேறியவர்கள் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவ ஒரு குழு வைத்திருக்கிறோம். பலர் வெளிநாடுகளில் இருப்பதால் கூட்டம் காணொலியில்தான் நடக்கும். அதற்குச் செயலாளன் நான்.

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில், பேத்தியைக் கல்லூரியில் சேர்க்க விரும்பிய ஆயா ஒருவர் பக்கத்து வீட்டுக் கைபேசி வழியே பேசினார். "எனக்கு ஒண்ணும் வேணாம், இந்தப் புள்ள படிக்க ஒரு வழி பண்ணுங்க" என்றார். இதைக் கருவி, "எனக்கு ஒண்ணு வேணும்" என்று கேட்டது. சுருக்கத்தில், "பேத்தியின் படிப்போடு தமக்கும் உதவி கோரினார்" என்று எழுதியது. நான் அதைப் படித்துப் பாராமலே குழுவிற்கு அனுப்பிவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்த அன்பர் ஒருவர், "பிள்ளையைக் காட்டித் தனக்கும் கேட்கிறாரே" என்று எழுதினார். அச்சொல் ஊருக்குத் திரும்பி வந்து தெருவில் உலவிற்று. நாற்று நட்டும் களை பறித்தும் ஒருவர் கையை எதிர்பாராமல் வாழ்ந்தவர் அவர். "உங்க பணமே எங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். கட்டணம் செலுத்த நான்கு நாட்களே இருந்தன.

பதிவை மீண்டும் ஓடவிட்டுக் கேட்டபோதுதான் பிழை தெரிந்தது. சிதம்பரத்திலிருந்து பேருந்து பிடித்து அவர் வீட்டிற்குச் சென்று, "ஆயா, நான் எழுதவில்லை, கருவிதான் தவறாக எழுதிவிட்டது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொட்டி எழுதுச்சு, சரி. அனுப்புனது நீதானே தம்பி?" என்றார்.

எனக்கு விடை தோன்றவில்லை. மறுநாளே மீண்டும் கூட்டம் கூட்டி, ஆயாவின் குரலை அனைவரும் கேட்கச் செய்து, திருத்திய குறிப்பை உரக்கப் படித்தேன். அப்பெண் இன்று கல்லூரியில் படிக்கிறாள். ஆயாவின் அந்த ஒரு வினாதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நம் பேச்சில் உள்ள இடர்கள்

இப்பிழை தற்செயலானது அன்று. நாம் எழுதும் தமிழ் வேறு; பேசும் தமிழ் வேறு. வேண்டும், வேண்டாம் என்னும் இரண்டும் எழுத்தில் தெளிவாக நிற்கின்றன. பேச்சில் அவை வேணும், வேணாம் என்றாகி ஒரே ஓர் உயிரொலியால் வேறுபடுகின்றன. செய்யலாம் என்பதற்கும் செய்யலை என்பதற்கும் இடையே உள்ள தொலைவும் அவ்வளவே. எழுபது எண்பதாகவும், எழுநூறு எண்ணூறாகவும் மாறிக் கேட்பது நம் காதுக்கே நேர்வதுண்டு.

ஊர்ப் பெயர்களின் நிலை இன்னும் கடினம். சிதம்பரத்திற்கு அருகே சி. முட்லூரும் உண்டு, பி. முட்லூரும் உண்டு. கடலூரில் ஓ.டி. என்றால் பழைய நகரம், என்.டி. என்றால் புதுநகரம். வெள்ளக் காலத்தில் நடக்கும் காணொலிக் கூட்டம் ஒன்றில் இவை மாறினால், படகு ஓர் ஊருக்கும் தண்ணீர் வேறோர் ஊருக்கும் போய்ச் சேரும். 2015ஆம் ஆண்டு மழையையும், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரைபுரண்டதையும் கண்ட கடலூர் மாவட்டத்தாருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சொற்களைச் சரியாகக் கேட்டாலும் கருத்து தவறக்கூடும். "பார்க்கலாம்" என்று நம்மவர் சொன்னால் அது பெரும்பாலும் மரியாதையான மறுப்பு. கருவி அதனை இசைவு என்று குறிக்கக்கூடும். பெரியவர் ஒருவர் பேசும்போது நாம் "ம்" கொட்டுவது, கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு அடையாளமேயன்றி ஒப்புதல் ஆகாது. குறிப்பை ஆங்கிலத்தில் சுருக்கச் சொன்னாலோ மற்றோர் இடர். "நாம் செய்வோம்" என்றால் கேட்பவரும் அதில் அடங்குவர். "நாங்கள் செய்வோம்" என்றால் அடங்கார். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் சொல் ஒன்றே. வேலையைச் செய்ய வேண்டியவர் யார் என்பது அந்த ஒரு சொல்லில் கரைந்துவிடுகிறது.

இக்குறைகளைக் களையும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் குழுவினர், இந்திய மொழிகள் 22இல் மக்கள் இயல்பாகப் பேசும் பேச்சைத் திரட்டிக் கருவிகளுக்குப் பயிற்சி அளிக்கின்றனர். மத்திய அரசின் பாஷினித் திட்டம் 2022 ஜூலையில் தொடங்கப்பட்டது. நம் வட்டாரப் பேச்சு அத்திரட்டுகளில் எவ்வளவு மிகுதியாக இடம் பெறுகிறதோ, அவ்வளவுக்குப் பிழை குறையும்.

ஓலை நாயகம்

வரலாற்று மாணவன் என்ற முறையில் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். சோழர் ஆட்சியில் மன்னன் வாய்மொழியாக இடும் ஆணைக்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். அதைக் கேட்டு எழுதும் அலுவலர் திருமந்திர ஓலை எனப்பட்டார். அவர் எழுதியதோடு ஆணை நடைமுறைக்கு வந்துவிடாது. திருமந்திர ஓலை நாயகம் என்னும் மேல் அலுவலர் அதனை ஒப்பிட்டுப் பார்த்து ஏற்க வேண்டும். பின்னரே அது வரிப் புத்தகத்தில் பதிவாகும். பதிந்தவர், உடனிருந்தவர் ஆகியோரின் பெயர்களும் சாசனங்களில் இடம்பெறும். உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துச் சபைத் தீர்மானக் கல்வெட்டில், சபையாரின் பணிப்பின்படி அதை எழுதிய மத்தியஸ்தனின் பெயரும் உண்டு.

கேட்டவர் ஒருவர், சரிபார்த்தவர் மற்றொருவர், இருவருக்கும் பெயர் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கண்ட முறை இது. இன்று திருமந்திர ஓலையின் இடத்தில் இயந்திரம் அமர்ந்துவிட்டது. அதில் தவறில்லை. ஓலை நாயகத்தின் நாற்காலி காலியாக இருப்பதுதான் தவறு.

நம் உச்ச நீதிமன்றம் இதனை உணர்ந்தே நடந்தது. 2023 பிப்ரவரி 21 அன்று அரசியல் சாசன அமர்வின் வாதங்களைச் செயற்கை நுண்ணறிவால் உடனுக்குடன் எழுத்தாக்கும் சோதனை அங்குத் தொடங்கிற்று. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம் நேரும் என்றும், பிழைகளைத் திருத்த ஆட்கள் உள்ளனர் என்றும் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தெரிவித்தார்.

அடுத்து, கிராம சபைக்கும் இவ்வெழுத்தர் வந்துவிட்டார். 2025 ஆகஸ்ட் 14 அன்று மத்திய ஊராட்சி அமைச்சகம் 'சபாசார்' என்னும் கருவியைத் தொடங்கியது. கூட்டத்தின் ஒலி, ஒளிப் பதிவைக் கொடுத்தால் நடவடிக்கைக் குறிப்பை அது ஆக்கித் தரும். பாஷினியைத் துணைக்கொள்ளும் அதன் மொழிகளுள் தமிழும் ஒன்று. நம் கிராம சபைகளில் குடிநீர், சாலை, வடிகால், பட்டா என்று பேசப்படுபவை யாவும் எளியோரின் வாழ்க்கைச் சிக்கல்கள். அங்கே ஒரு "வேணாம்", "வேணும்" ஆனால் இழப்பு யாருக்கு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நன்மையும் நெறியும்

இவ்வாறு கூறுவதால் கருவியை ஒதுக்கிவிடுக என்பது என் கருத்தன்று. காது கேளாத மாணவர் பேச்சைத் திரையில் எழுத்தாகப் படிக்கிறார். கைபேசி இணைப்பு அறுந்து மீண்டும் வருபவர், விட்டுப்போனதை அறிகிறார். இன்னொரு நன்மையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நம் மன்றங்களில், "உன் கையெழுத்து அழகாயிருக்கிறது" என்று கூறிக் குறிப்பெழுதும் பணியைப் பெரும்பாலும் ஒரு மாணவியிடமே ஒப்படைக்கிறோம். அவர் எழுதிக்கொண்டே இருப்பார். பேசுவதற்கு அவருக்கு நேரமே வாய்க்காது. கருவி எழுதினால் அவர் நிமிர்ந்து தம் கருத்தைச் சொல்லலாம்.

ஆகவே சில நெறிகளை நாம் மேற்கொள்ளல் நலம்.

1. கூட்டத் தொடக்கத்திலேயே கருவி இயங்குவதை அறிவித்து, அனைவரின் இசைவையும் பெற வேண்டும். தனிமனிதர் தரவுகளைக் காக்க 2023இல் சட்டமும், 2025 நவம்பரில் அதற்கு விதிகளும் வந்துள்ளன. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும், ஒருவர் குரலை அவரறியாமல் பதிவது பண்பாகாது.

2. ஒருவரின் வறுமை, நோய், மதிப்பெண், குடும்பத் துயர் பேசப்படும்போது கருவியை நிறுத்திவிட வேண்டும்.

3. எண்களை இருமுறை சொல்ல வேண்டும். "எழுபது, அதாவது ஏழு, பூச்சியம்" என்று சொன்னால் ஐயம் எழாது. ஊர்ப் பெயர்களையும் முழுமையாகச் சொல்லுதல் நன்று.

4. ஒவ்வொரு பொருளின் முடிவிலும் தலைவர், முடிவு இன்னது, செய்பவர் இன்னார் என்று முழு வாக்கியத்தில் திருத்தமாகக் கூற வேண்டும்.

5. குறிப்பை அன்றே பதிவோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். யாருடைய பேச்சு அவரைப் பாதிக்கக்கூடியதோ, அவருக்குப் படித்துக்காட்டிய பின்பே அனுப்ப வேண்டும்.

6. குறிப்பின் அடியில் சரிபார்த்தவர் தம் பெயரை எழுத வேண்டும். பெயர் எழுதும்போதுதான் கண் ஒருமுறை கூடுதலாகப் படிக்கும்.

முடிவுரை

வள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தைக் கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் நடுவே வைத்தார். அறியாமையிலிருந்து அறிவுக்குச் செல்லும் வழியில் கேட்டல் நிற்கிறது என்று அவ்வைப்பு முறைக்குப் பொருள் கொள்ளலாம். கேட்டதை எழுதும் வேலையை இயந்திரத்திடம் விடலாம். கேட்டவரின் மனத்தை உணர்ந்து, எழுதியது மெய்யா என்று உறுதி செய்யும் வேலையை விட முடியாது.

இப்போதெல்லாம் குறிப்பை அனுப்பும் முன் ஒருமுறை நிதானிக்கிறேன். "அனுப்புனது நீதானே தம்பி?" என்னும் குரல் காதில் விழுகிறது. பிறகு பதிவை ஓடவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.