கைத்தொழிலும் கையொப்பமும்

கல்வி முடித்தபின், வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் பெண்கள் இன்று பலர். தொழிலைக் கற்கும் நாம், அதன் நிபந்தனைகளை எழுதிக்கொள்ளவும் கற்க வேண்டாமா?

இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) வாய்மொழி உடன்பாட்டையும் ஏற்கிறது. ஆயினும், பேசியது இன்னதென்று பின்னர் நிரூபிப்பது கடினம். ஆகவே, பணி தொடங்குமுன் நான்கு செய்திகளை எழுதி, இருவரும் கையொப்பமிடுவது நலம்.

1. வேலை: ஒரு துணிக்கடைக்கு ஐந்து பக்கங்கள், இரண்டு முறை திருத்தம் என எண்ணிக்கையுடன் குறிப்போம். அதற்கு மேற்பட்டால் தனிக்கட்டணம். படங்களையும் விலைப்பட்டியலையும் கடைக்காரர் தரவேண்டிய நாளையும் குறிப்போம்.

2. பணம்: முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது என்பது தெளிவாக இருக்கட்டும். குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்தோருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. எழுத்தில் தவணை இருந்தால் அது 45 நாட்களைத் தாண்டலாகாது. இல்லையேல், வேலையை ஏற்ற 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும்.

3. உரிமை: ஊழியராக அன்றித் தனித்து உழைப்பவர் எழுதிய நிரல், பதிப்புரிமைச் சட்டப்படி (1957) பொதுவாக அவருடையதே. அவர் எழுத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தால்தான் கடைக்காரருக்கு உரிமையாகும். காலம் குறிக்காவிட்டால் அவ்வுரிமை 5 ஆண்டுகளே செல்லும்.

4. முகவரி: தளத்தின் முகவரியைக் கடைக்காரர் பெயரிலேயே பதிவு செய்வோம். அது அவருடைய பெயர்ப்பலகை. நம் கையில் பிணையாக இருத்தல் முறையன்று.

நிபந்தனை எழுதுவது அவநம்பிக்கை ஆகாது. கூச்சத்தால் கூலியை இழக்காமல் நம்மையும், அறியாமையால் உரிமையை இழக்காமல் அவரையும் அந்த ஒரு தாள் காக்கும். மாணவியரே, உழைக்கக் கற்கும்போதே எழுதிக் கேட்கவும் கற்போம்.