தகரக் கூரையின் ஆணித் துளை

அன்புள்ள தம்பி,

போன வாரக் கல்யாணத்தில் பெண்ணின் பாட்டி உன்னைத் தடுத்து நிறுத்தி, "எல்லார் கண்ணும் பட்டுடும்யா, சுத்திப் போட்டதும் படம் எடு" என்றார். நீ சிரித்தாய். பாட்டியைக் குறைவாக நினைக்காதே. கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப்போய்ப் பொருளைத் தொடுகிறது என்றுதான் பழைய கிரேக்க அறிஞர்கள் யூக்ளிடும் தாலமியும் எழுதிவைத்தார்கள். நம் ஊர் நியாய சாஸ்திரக்காரர்களும் அதே கட்சிதான்.

இதை மறுத்து நின்றவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம். வெயிலை முறைத்துப் பார்த்தால் கண் வலிக்கிறதே, ஏன்? உள்ளே ஏதோ வருகிறது, அதனால் வலிக்கிறது என்றார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு அரபியில் ஏழு பாகமாக 'கிதாபுல் மனாழிர்' என்று ஒளியைப் பற்றி எழுதினார். அது லத்தீனுக்குப் போய், 1572இல் பாசல் நகரில் அச்சேறி, வானியல் அறிஞர் கெப்ளர் கைவரை போய்ச் சேர்ந்தது. நீ தோளில் மாட்டியிருக்கும் பெட்டியின் வம்சம் அந்த வழியாகவும் வருகிறது.

2019 டிசம்பர் 26 நினைவிருக்கிறதா? நீ அப்போது பள்ளிப் பையன். கிரகணம் என்று கோயில் நடை சாத்தியிருந்தது. சாமான் போட்டுவைக்கும் அந்தப் பழைய லயத்து வீட்டுக்குள் உங்கள் நாலைந்து பேரை அழைத்துப் போனேன். தகரத்தில் ஆணி பிடுங்கிய துளைகள். மற்ற நாளில் சிமெண்டுத் தரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழும். துளை கோணலாக இருந்தாலும் வட்டமாகத்தான் விழும், ஏனென்றால் அது சூரியனின் படம். கூரை ஒன்பது அடி உயரமென்றால் படம் சுமார் ஓரங்குலம். அன்று பிற்பகல் ஒரு மணிக்கு மேல் அத்தனை வட்டமும் பிறையாகிவிட்டது. தரை முழுக்கப் பிறைகள். சூரியனைக் கடித்த பக்கம் தரையில் இடவலம் மாறிக் கிடந்தது. நீ உள்ளங்கையில் ஒன்றை ஏந்திக்கொண்டு நின்றாய். துளை வழியே விழும் இந்தக் கிரகணப் பிறைக்காகவே ஒரு தனி நூல் எழுதியவர் இப்னு அல் ஹைதம். அன்று அவர் பெயரை உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு. எனக்கே அப்போது தெரியாது.

ஏன் தெரியாமல் போயிற்று என்று யோசித்திருக்கிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய்ப் பண்டார் பாரு நீலாய் நகரம் எழும்பிய காலத்தைப் பார்த்தவன் நான். அவர் சார்ந்த இஸ்லாம் என்றால் நமக்குப் பக்கத்துக் கம்பத்துக்காரர்களின் மதம், பெருநாள் விருந்து, அரசாங்க அலுவலகம். நம் தொழிலுக்குள்ளும் அது இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? பட்டமளிப்பு நாளில் இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழக வாசலில் நின்று படம் எடுத்துச் சம்பாதிக்கிறாய். 'அசல்' வேண்டுமா 'நகல்' வேண்டுமா என்று கேட்கிறாய். இரண்டும் அரபிச் சொல். படத்தை அச்சடிக்கும் 'காகிதம்' பாரசீகத்திலிருந்து வந்தது.

ஆனால் ஒன்று. வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பாதே. 'கேமரா' அரபிச் சொல் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது லத்தீன், அறை என்று பொருள். துளை வழியே படம் விழுவதைச் சீனரும் கிரேக்கரும் முன்பே கண்டிருந்தார்கள். கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுகிறது என்பதை இப்னு அல் ஹைதம் ஒப்பவில்லை; அதைக் கெப்ளர்தான் தீர்த்துவைத்தார். தாலமி மீதே சந்தேகங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்ட மனிதருக்குப் பொய்ப் புகழ் எதற்கு?

அவரிடமிருந்து உன் வேலைக்கு வேண்டியது ஒன்று உண்டு. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைக்கும் ஒளி போகிறது என்றார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் லென்ஸை மாற்றுகிறாயே, அதற்கு முன் எந்தச் சுவர் வெள்ளை, எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று பார். பெண்ணை அந்தப் பக்கம் இரண்டடி நகர்த்து. நீ போடும் பிளாஷில் பாதி தேவைப்படாது.

ஈராக்கின் பத்தாயிரம் தினார் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. ஒரு நோட்டு என் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வேலை இல்லையென்றால் வா. பின்னறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி ஓர் ஆணித் துளை போட்டிருக்கிறேன்; காலை பத்து மணிக்கு எதிர்க்கடையும் சாலையும் சுவரில் தலைகீழாகத் தெரியும்.

அன்புடன்,
உன் ஸ்டூடியோ அண்ணன்
நீலாய்