மேலதிகமாகக் கட்டும் பணம் எங்கே போகிறது?



தனிநபர் கடனில் தவணைக்கு மேல் பணம் கட்டினால் வங்கி தண்டம் அறவிடும் என்ற பயம் மாத்தளையில் சம்பளக் கணக்கின்மேல் கடன் எடுத்த ஆசிரியர், தாதியர் பலரிடம் உண்டு. அந்தப் பயத்தில் போனஸ், சீட்டுப் பணம், மிளகு விற்ற காசு எல்லாம் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கும். தண்டம் பற்றிய கேள்வி நியாயமானது. முதற் கேள்வி அதுவல்ல. கட்டும் பணம் கடனின் முதல்தொகையில் கழிகிறதா, அடுத்த தவணைக்கு முற்பணமாக நிற்கிறதா என்பதே முதலில் கேட்கவேண்டியது.

கணக்கின் எளிமைக்காக 5 லட்சம் ரூபா கடன், ஆண்டு வட்டி 12 வீதம், குறைந்து செல்லும் மீதியில் 60 மாதங்கள் என்று கொள்ளலாம். மாதத் தவணை 11,122 ரூபா. முதல் மாதத் தவணையில் 5,000 ரூபா வட்டிக்கே போய்விடும். ஓராண்டு முடிவில் மீதி ஏறத்தாழ 4,22,350. அன்று 50,000 ரூபா மேலதிகமாகக் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால், எஞ்சிய 48 மாதங்கள் 41 ஆகும். மிஞ்சும் வட்டி சுமார் 28,200 ரூபா. அதே பணத்தைக் கட்டி, காலத்தை விட்டுவிட்டுத் தவணையை 9,806 ரூபாவாகக் குறைத்தால் மிஞ்சுவது 13,200 மட்டுமே. தவணை குறைவதைக் கண்டு மகிழ்வோர் மிச்சம் பாதிக்கும் கீழே இறங்குவதைக் கவனிப்பதே இல்லை. நான்காம் ஆண்டு முடிவில் அதே 50,000 கட்டினால், காலத்தைக் குறைத்தாலும் மிச்சம் 5,200 அளவுதான். கட்டிய தொகையில் 5 வீதம் தண்டம் என்றால் 2,500 ரூபா. அது முதலாண்டில் பொருட்டல்ல. நான்காம் ஆண்டில் மிச்சத்தின் பாதியை விழுங்கிவிடும்.

இந்தக் கணக்கு பிளாட் ரேட் கடனுக்குப் பொருந்தாது. அங்கே 12 வீதம் என்றால் ஐந்தாண்டு வட்டி 3 லட்சமும் தொடக்கத்திலேயே கூட்டப்பட்டிருக்கும். உண்மை வட்டி ஆண்டுக்கு 20 வீதத்தைத் தாண்டும். முன்கூட்டிக் கட்டினால் எவ்வளவு கழிவு என்பதைக் கையொப்பமிடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.

கடன் சீக்கிரம் தீர்வதை விரும்பாத கடன்கொடுப்போர் இந்த மண்ணுக்குப் புதியவர்களல்லர். மன்னாரிலிருந்து வடபாதையாக நடந்து மாத்தளைக்கு வந்த தோட்டத் தொழிலாளர்கள் வழிச்செலவையே ஆள்சேர்த்த கங்காணியிடம் கடனாகச் சுமந்து வந்தனர். வேறு தோட்டத்துக்குப் போகக் கடன்தொகை குறித்த 'துண்டு' வேண்டும்; புதிய தோட்டத் துரை அதைக் கட்டினால் ஆள் அவருடையவர். கடன் கைமாறியதே தவிரக் கரையவில்லை. அந்த முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தது. மலையக வரலாறு படிப்போர் துண்டைக் கடந்துபோகும் அவசரம் வருத்தத்துக்குரியது. கடனாளியின் உரிமை பற்றிய முதற்பாடம் அதில்தான் இருக்கிறது.

இனித் தண்டம் பற்றிய கேள்வி. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2012இல் மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கும், 2014இல் தனிநபர்கள் எடுத்த மாறும் வட்டித் தவணைக் கடன்கள் அனைத்துக்கும் முன்கூட்டிக் கட்டும் தண்டத்தை நீக்கியது. அங்கும் நிலையான வட்டிக் கடன்கள் அதில் அடங்கவில்லை. யூடியூப் காணொளியில் கேட்ட இந்திய விதியை மாத்தளைக் கிளை முகாமையாளரிடம் எடுத்துரைப்பதில் பயனில்லை. இங்கே முதலில் புரட்டவேண்டியது சொந்தக் கடன் உடன்படிக்கையை. கட்டணம் முழுத் தீர்வுக்கு மட்டுமா, பகுதிக்கொடுப்பனவுக்கும் உண்டா, எத்தனை மாதங்களுக்குப் பின் தளர்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வரை கட்டணமின்றிக் கட்டலாம் என்ற நான்கையும் அதில் தேடவேண்டும். முழுத் தீர்வுக்கு மட்டும் கட்டணம் என்றால், சிறு பகுதிகளாகக் கட்டிக் கடைசித் தவணைகளை இயல்பாக முடியவிடுவதே தண்டமில்லா வழி.

தவணை கழியும் நாளிலேயே மேலதிகப் பணத்தையும் கட்டுவது நல்லது. இடைநாள் வட்டிக் குழப்பம் வராது. "இத்தொகையைக் கடனின் முதல்தொகையில் கழித்து, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கவேண்டும். பின்னர் புதிய தவணை அட்டவணையைக் கேட்டுப் பெற்று மீதியை ஒப்பிடவேண்டும். பிழை இருந்தால் முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களம் உண்டு, தொலைபேசி 1935. முத்திரை பதித்த அந்தப் பிரதி கையில் இல்லாமல் அங்கே போவது வீண் அலைச்சல்.